டெவன்மூர் கப்பலின் படம்

ஜின்னிங் பாக்டரியின் துரை நாற்பத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில் சீமைக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய பங்களாவில் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் விடுகிறவர் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். சங்கரன்கோவிலில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். வாங்க வந்தவர்களைவிட, துரை எதில் படுத்தார், எதில் உட்கார்ந்தார் என்று பார்க்க வந்தவர்களே அதிகம்.

சிவராமலிங்கமும் வாங்கும் எண்ணத்தோடு போகவில்லை. அவருடைய தங்கை கணவர் குருநாதன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, துரையின் பீரோ ஒன்றின் மேல் கண் வைத்திருந்தார். துணைக்கு ஆள் வேண்டும் என்று இவரையும் கூட்டிக்கொண்டு போனார். சிவராமலிங்கத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திக் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டு, தங்கை வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார். பேச்சு குறைவு. யாராவது பர்மாவைப் பற்றி எடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

பங்களா ஹாலுக்குள் நுழைந்தவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். சுவர் முழுக்கக் கப்பல்கள். துரை பஞ்சு வியாபாரத்துக்கு வருவதற்கு முன் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்தவராம். அந்தக் கம்பெனிக் கப்பல்களை எண்ணெய்ச் சாயத்தில் வரையச் சொல்லி மாட்டி வைத்திருந்தார். ஒன்று புயலில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்று அஸ்தமன வெளிச்சத்தில் துறைமுகத்தைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்த பெரிய படத்தில், இரண்டு புகைக்கூண்டு வைத்த கறுப்புக் கப்பல் ஒன்று அமைதியான கடலில் பக்கவாட்டில் நின்றது. அதன் சட்டத்தில் பித்தளைத் தகடு அறைந்து, ஆங்கிலத்தில் 'டெவன்மூர்' என்று பொறித்திருந்தது.

சிவராமலிங்கத்தின் மனைவியும் மகளும் ஏறிய கப்பல் அதுதான்.

ரங்கூனில் ஓர் அரிசி மில் ஆபீஸில் அவர் பல வருஷம் வேலை பார்த்தார். பிரம்மநாயகியைக் கல்யாணம் செய்து அங்கே கூட்டிப் போனார். மகள் கோமதித்தாய் அங்கேதான் பிறந்தாள். நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரே துறைமுகத்துக்கு ஓடியது. கப்பல் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்று அவர் வாங்க முடிந்தது இரண்டு பேருக்கான இடம் மட்டும்.

"நீங்க இல்லாம நான் ஏற மாட்டேன்" என்றாள் பிரம்மநாயகி.

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு நீ முன்னால போ. அடுத்த கப்பல்ல நான் வாரேன்."

அந்தக் கப்பலை அவர் முழுசாகப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் நெரிபட்டு நின்றவருக்குத் தெரிந்தது ஒரு கறுப்பு இரும்புச் சுவர் மட்டும்தான். அண்ணாந்தால் ஆணி ஆணியாக அறைந்த தகடு. அதற்கு மேலே கம்பி. கம்பி நெடுகக் கைகள். அதில் பிரம்மநாயகியின் கை எது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே விமானச் சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். அவரும் ஓடினார். பதுங்கியிருந்த இடத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது, அந்தச் சுவர் நின்ற இடத்தில் கலங்கின தண்ணீர்தான் கிடந்தது.

அடுத்த கப்பல் என்று ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. புரோமிலிருந்து மலை தாண்டி அரக்கான் கரைக்கு நடந்தார். காலராவில் விழுந்துகிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தார். சிட்டகாங், கல்கத்தா, மதராஸ் என்று ரயில் மாறிச் சங்கரன்கோவிலில் இறங்கி வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கூடப் பிறந்த தங்கை முத்துமீனாளுக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை. யாரோ பிச்சைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே திரும்பப் போனாள்.

"ஏட்டி, ஒம் மதினியும் பிள்ளையும் எங்க?" என்று அவர் கேட்டார். அந்தக் குரலை வைத்துத்தான் அவளுக்கு அண்ணன் என்று தெரிந்தது. அவர்கள் வந்து சேரவில்லை என்பது அவருக்குத் தெரிந்ததும் அப்போதுதான்.

மதராஸில் கம்பெனி ஆபீஸுக்கு இரண்டு முறை போய்க் கேட்டார். மேல்தளத்தில் பாய் விரித்துப் போகிறவர்களின் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். கப்பல் கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை என்றார்கள். யுத்தக் காலம், இதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றார்கள். 'முங்கிவிட்டது' என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போயிருப்பான், அந்தமானிலோ மலாயாவிலோ எங்கேயாவது இறக்கி விட்டிருப்பான். யுத்தம் முடிந்தது. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவருக்கும் டெவன்மூரைப் பற்றித் தெரியவில்லை. அதற்குப் பிறகும், காரியம் செய்து தலைமுழுகு, வேறு பெண் பார்க்கிறோம் என்று வந்த சொந்தக்காரர்களை, "ஆள் இருக்கும்போது என்ன காரியம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். பிறகு யாரும் வரவில்லை.

ஏலத்தில் படங்கள் கடைசியாக வந்தன. அதற்குள் கூட்டம் பாதி கலைந்திருந்தது. சிவராமலிங்கம் முன்னால் போய், "இந்த ஒரு படம் மட்டும் எனக்கு" என்றார்.

"பிரிச்சுக் கொடுக்கிறதில்ல. மொத்தமாத்தான்" என்றார் ஏலம் விடுகிறவர்.

சிவராமலிங்கம் மொத்தத்துக்கும் ஒரு விலை கேட்டார். குருநாதன் அவர் முழங்கையைப் பிடித்து, "என்ன அத்தான் இது? இத வச்சு என்ன செய்யப் போறீய?" என்று கிசுகிசுத்தார். குருநாதனுக்கு அந்தத் தகட்டைப் படிக்கத் தோன்றியிருக்கவில்லை. தெற்கு ரத வீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் மூக்காண்டி பின்னாலிருந்து கூட்டிக் கேட்டான். சிவராமலிங்கம் ஏற்றினார். மூக்காண்டி அதற்கு மேல் போனான். அப்புறம் சிவராமலிங்கத்திடம் ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. குருநாதனைப் பார்த்தார். குருநாதன் பீரோவுக்கு வைத்திருந்ததைப் பீரோவுக்கே கொடுத்து முடித்திருந்தார்.

மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். கப்பல்களை மூக்காண்டி ஒரு மாட்டுவண்டியில் அடுக்கிக் கொண்டுபோனான்.

அன்றைக்கு மத்தியானமே சிவராமலிங்கம் அவன் கடைக்குப் போனார். மூக்காண்டி தரையில் உட்கார்ந்து, குறட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். பொன்பூச்சுப் பூசிய தேக்குச் சட்டங்கள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. கழற்றி எடுத்த கப்பல்கள் கோணிக் குவியல்போல மூலையில் கிடந்தன.

"என்ன மூக்காண்டி, பிச்சிட்டியா?"

"சட்டத்துக்குத்தானே அண்ணாச்சி வாங்கினேன். கோமதியம்மன் படம் ஒவ்வொண்ணும் இதுல அம்சமா உக்காரும். துணி நல்ல கெட்டித் துணி. மழைக்கு வண்டி மேல போடலாம்னு ரெண்டு பேரு கேட்டுட்டுப் போயிருக்காவ."

"அந்தப் பெரிசு?"

"அது இன்னும் கழத்தல. என்னத்துக்கு அண்ணாச்சி, ஏலத்துல அவ்வளவு கேட்டீய?"

சிவராமலிங்கம் தகட்டைத் தொட்டுக் காட்டினார். மூக்காண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சிவராமலிங்கத்தின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு குறட்டைக் கீழே வைத்தான்.

"அந்தக் கப்பலா?"

அவர் தலையசைத்தார்.

மூக்காண்டி அந்தப் படத்தின் சட்டத்தைக் கழற்றவில்லை. துட்டும் வாங்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு பேரும் ரத வீதி வழியாக அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெற்றிலைக் கடையில் நின்ற ஒருவன், "என்ன வே, பாடைக்குப் பலகையா?" என்று கேட்டான். கேட்ட பிறகு யார் தூக்கி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மற்றக் கப்பல்கள் அந்த ஐப்பசி மழையில் பருத்தி வண்டிகள் மேல் ஏறி ஊரைச் சுற்றின. புயலில் சாய்ந்த கப்பல் கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் போவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டு மழைக்குள் சாயம் உரிந்து, அது வெறும் துணியாகிவிட்டது.

முத்துமீனாள் படத்தைக் கண்டதும் உள்ளே வராமல் நடையிலேயே நின்றாள். "அண்ணாச்சி, எமனக் கொண்டாந்து சுவருல மாட்டுதீயளே" என்றாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து பிறந்து போயிருந்தன. செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யாமல் இரண்டு உயிர்கள் வாசலில் நிற்பதால்தான் தன் வயிற்றில் எதுவும் தங்கவில்லை என்று அவள் நம்பினாள். அண்ணனிடம் அதை ஒருபோதும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. பின்கட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை நடையில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்.

சிவராமலிங்கம் கடையிலிருந்து வந்தால் படத்துக்கு முன்னால்தான் இருப்பார். வட்ட வட்டமான ஜன்னல்கள், புகைக்கூண்டில் இருந்த சிவப்புப் பட்டை, முகப்பில் நுரை. மேல்தளத்தில் கம்பியோரமாகச் சின்னச் சின்னப் புள்ளிகளாக மனிதர்களையும் வரைந்திருந்தான் அந்தப் படக்காரன். இவ்வளவு பெரிய கப்பலா அது என்று அவருக்கு வியப்பாக இருக்கும். இவ்வளவு பெரிசுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று தோன்றும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததாகக் குருநாதன் பின்னால் சொன்னார்.

மாசி மாதத்தில் வாசுதேவநல்லூரிலிருந்து இரண்டு பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, மூக்காண்டி கடையில் வழி கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். மூத்தவள் மீரா பீவி. கூட வந்தவள் அவள் மருமகள் கதீஜம்மாள். மீரா பீவியின் ஒரே மகன் சேகு மதார் ரங்கூனில் குடைக்கடை வைத்திருந்தவன். டெவன்மூரில் ஏறுகிறேன் என்று தந்தி கொடுத்ததுதான் அவனிடமிருந்து கடைசியாக வந்த சேதி. கப்பல் படம் ஒன்று இருக்கிறது என்ற பேச்சு வண்டிக்காரர்கள் வாய்வழியாக அவர்கள் ஊர் வரைக்கும் போயிருந்தது.

"தம்பி, எம் மவன் ஏறின கப்பல ஒரு தடவ கண்ணால பாத்துக்கிடுதோம்" என்றாள் மீரா பீவி.

சிவராமலிங்கம் உள்ளே கூட்டிப்போய்ப் பாய் போட்டார். அந்த அறைக்குள் படத்தைப் பார்க்க வேறு யாரும் வந்ததில்லை. அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு கம்பைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இது புகைக்கூண்டு, இது கப்பல் ஓட்டுகிற இடம், இந்தத் தளத்தில்தான் நம் ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். மீரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"எவ்வளவு பெரிசு. இது எப்படித் தம்பி முங்கும்?"

"அதத்தான் நானும் சொல்லுதேன், அம்மா."

"எம் மவன் ஹயாத்தோட இருக்கான். இவளோட அண்ணன் ஒருத்தன் இருக்கான், வேற மாப்பிள்ள பாக்கணும், பாக்கணும்னு குதிக்கான். நான் விடல. உசுரோட இருக்கிறவன் பொஞ்சாதிய எப்படி அனுப்ப?"

கதீஜம்மாள் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வயதுகூட இருக்காது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அண்ணாச்சி, மேல வெள்ளையா வரிசையாத் தொங்குதே, அது என்ன?"

"அது படகும்மா. ஆபத்துன்னா கீழ இறக்கி, அதுல ஏறித் தப்பிக்கிறதுக்கு."

"இவ்வளவுதானா?"

"அந்தப் பக்கமும் இதே மாதிரி இருக்கும்."

"ஒரு படகுல எத்தன பேரு உக்காரலாம்?"

சிவராமலிங்கம் பதில் சொல்லத் தொடங்கி, படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு கையில் எண்ணிவிடலாம் அந்தப் படகுகளை. ஐந்து மாதமாக அந்தப் படத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர் அவர். வெள்ளை நிறமாகப் பார்த்திருந்தாரே தவிர, படகாகப் பார்த்திருக்கவில்லை.

"கப்பல்ல எவ்வளவு சனம் ஏறிச்சு, அண்ணாச்சி? நீங்க பாத்தீயள்லா?"

அவர் பார்த்திருந்தார். கம்பி நெடுகக் கைகளாக இருந்ததைப் பார்த்திருந்தார். ஏணியில் ஒருவர் மேல் ஒருவர் ஏறியதையும், உள்ளே இடமில்லாமல் மூட்டைகளைத் தண்ணீரில் எறிந்ததையும் பார்த்திருந்தார்.

"ரொம்ப" என்றார்.

"மொதல்ல துரைமாரு வீட்டுப் பொம்பளையள இறக்குவாவளா, நம்மள இறக்குவாவளா?"

அவர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"என்ன கேக்கா இவ? என்ன சொன்னீய?" என்றாள் மீரா பீவி.

"ஒண்ணுமில்ல மாமி. பாத்தாச்சு. எந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் கதீஜம்மாள். மாமியாரை முன்னால் நடக்கவிட்டு, நடையில் சிவராமலிங்கத்திடம் தணிந்த குரலில் சொன்னாள்: "நான் வீட்டுக்குப் போய், புருஷனப் பறிகொடுத்தவளா இத்தா இருக்கப் போறேன், அண்ணாச்சி. நீங்களும் மதினிக்கும் பிள்ளைக்கும் செய்ய வேண்டியதச் செஞ்சிருங்க."

அவர்கள் போன பிறகு அவர் அறைக்குள் போகவில்லை. நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாடு கொண்டு வந்த முத்துமீனாள் பயந்துபோய், "அண்ணாச்சி, என்ன செய்யுது?" என்றாள்.

"நம்ம பிரம்மநாயகி போயிட்டா, ஏட்டி. பிள்ளையும் போயிட்டு" என்றார், அப்போதுதான் சேதி வந்ததுபோல. ஏழு வருஷமாக ஊரே அறிந்ததை அவர் சொல்லக் கேட்டு, முத்துமீனாள் தட்டை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பங்குனி அமாவாசைக்குத் திருச்செந்தூர் போனார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிப்பது வழக்கம். சடங்கு செய்து வைக்க வந்தவர் கரையில் உட்கார்ந்து பெரிய உருவத்தைக் கட்டி முடித்தார். சின்னதற்குப் புல்லை எடுத்துக்கொண்டு கேட்டார்:

"பிள்ளைக்கு என்ன வயசு?"

சிவராமலிங்கம் விழித்தார். கப்பலேறும்போது கோமதித்தாய்க்கு ஆறு வயது. ஆனால் அவர் மனதில் அவள் வளர்ந்துகொண்டே வந்திருந்தாள். பதிமூன்று வயதாகிவிட்டது, பாவாடை சிறிசாகியிருக்கும், தாவணி போடுகிற பருவம் என்று தெருவில் போகிற பிள்ளைகளைப் பார்த்து அளவு வைத்துக்கொண்டிருந்தார்.

"வயசு சொல்லுங்க, பிள்ளைவாள். எவ்வளவு நீளம் கட்ட?"

குருநாதன் சொல்ல வாயெடுத்தார். முத்துமீனாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆறு" என்றார் சிவராமலிங்கம்.

சடங்கு செய்து வைத்தவர் ஒரு கைப்பிடிப் புல்லைக் குறைத்துவிட்டுக் கட்டினார். கடற்காற்றில் இரண்டும் சீக்கிரம் எரிந்து முடிந்தன. சாம்பலைக் கரைக்கக் கடலுக்குள் இறங்கிய சிவராமலிங்கத்தைக் குருநாதன் இடுப்பில் கைபோட்டுப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

அதற்குப் பிறகும் முத்துமீனாளுக்குப் பிள்ளை தங்கவில்லை. யாரும் எதிர்பார்த்தபடி எதுவும் மாறவில்லை. சிவராமலிங்கம் கடைக்குப் போனார், வந்தார். ஆடியில், படத்தை எடுத்துவிடச் சொல்லி முத்துமீனாள் கேட்டபோது சரி என்றார். அந்த வாரம் மீரா பீவி மறுபடியும் வந்துவிட்டாள், இந்தத் தடவை தனியாக. கதீஜம்மாள் இத்தா முடித்து, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தென்காசிப் பக்கம் ஓர் இடத்தில் நிக்காஹ் பேசியிருக்கிறார்கள்.

"மவன் திரும்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன், தம்பி?" என்று கேட்டுவிட்டு அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "அடுத்த மாசமும் வாரேன். ஒங்களுக்கு ஒண்ணும் தொந்தரவில்லியே?" என்றாள்.

படம் சுவரிலேயே இருந்தது.

எட்டு வருஷம் அவள் வந்தாள். முதலில் மாதம் ஒரு முறை. கண்ணில் புரை விழுந்த பிறகு, யாராவது பஸ் ஏற்றிவிடும்போது. மகன் எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று கேட்பாள். சிவராமலிங்கம் காற்று நன்றாக வருகிற இடமாகப் பார்த்துக் காட்டுவார். படகுகளைப் பற்றி அவள் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பது அவருக்குச் சுலபமாக இல்லை. அவள் வந்துபோன நாட்களில் அவர் சாப்பிடுவதில்லை. "தெரிஞ்சே ஒரு கிழவிய ஏமாத்துதீய" என்று குருநாதன் ஒருமுறை சொன்னார். "நான் ஏழு வருஷம் அப்படி இருந்தவன்லா. அந்த ஏழு வருஷமும் நான் செத்துப் போகல பாத்துக்கிடுங்க" என்றார் அவர்.

ஐம்பத்தேழு மாசியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடையில் சொல்லாமல் இரண்டு வாரம் இழுத்தார். படுத்த பிறகு அதிக நாள் இல்லை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால் குருநாதனே வைத்தார்.

சித்திரை வெயிலில் மீரா பீவி வந்தாள். வாசலில் நின்று, "தம்பி" என்று கூப்பிட்டாள். முத்துமீனாள் வெளியே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது குறைவு.

"அண்ணாச்சி போயிட்டாவ, ஆத்தா" என்றாள் முத்துமீனாள்.

"எங்க போயிருக்காவ?"

"மாசியில. நெஞ்சுச் சளி. ஒங்களுக்குச் சொல்லிவிட ஆள் அம்பிடல."

மீரா பீவி அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தாள். மகனுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்த்ததில்லை. அழுதால் அவன் மவுத் ஆனதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கதீஜம்மாளையும் அழவிட்டதில்லை. இப்போது முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு, "எம் மவனே, எம் மவனே" என்று அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முத்துமீனாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அன்றைக்கு மீரா பீவி அந்த வீட்டிலேயே தங்கினாள்.